பெயரில்லாத ஓட்டு

வீட்டில் ஊரையே கூட்டும் சனம், வகுப்புக்குள் வந்ததும் ஏன் வாயைத் திறப்பதில்லை? மத்திய ஆசிய மலைநகரமான நாரினில் கொரிய மொழி சொல்லித்தரும் சிர்காவுக்கு அப்போது இதற்குப் பதில் தெரியவில்லை.

கேள்வியைச் சுவரில் ஒளிரவிடுவாள். உப்புத் தயிர் உருண்டை ஒன்றைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வாள். "அமுக்குங்க, அமுக்குங்க! போன் கடிக்காது!" என்பாள். இணைய வாக்கெடுப்பில்தான் அவள் பாடம் தொடங்கும். ஓட்டுப் போட்டவர்கள் ஏன் அப்படிப் போட்டோம் என்று கொரிய மொழியில் சொல்ல வேண்டும். அங்கேதான் வண்டி நின்றுவிடும்.

அவளிடம் படிப்பவர்கள் கொரியாவுக்கு வேலைக்குப் போகக் காத்திருப்பவர்கள். மூத்தவர் சாதிர்பெக், நிலக்கரி லாரி ஓட்டியவர். அவர் அமுக்கும்வரை ஒருவர் விரலும் அசையாது. சுவரில் அவர் பெயருக்கு நேரே என்ன வருகிறதோ, அதையே மற்றவர்களும் அமுக்குவார்கள். விருந்தில் பெரியவர் கை வைக்குமுன் யார் தட்டைத் தொடுவார்கள்? "அவரே சொல்லிட்டாரே, அதுக்கு மேல நான் என்னக்கா சொல்ல?" என்பான் கறிக்கடை மெதெர்.

வகுப்பு நடக்கும் பயிற்சி மையத்தின் தலைவர் குபத் ஒருநாள் காலை கறாராகச் சொல்லிவிட்டார்: "இன்னைக்கு நானே வந்து உக்காரப் போறேன், சிர்கா. இன்னைக்கும் ஊமைக் கூட்டமா இருந்தா வகுப்பை மூடிருவேன். அந்த அறைக்குத் தையல்காரங்க காத்துக் கிடக்காங்க."

சிர்கா போன வகுப்பின் முடிவுகளைத் திறந்து பார்த்தாள். சாதிர்பெக்கின் பெயர் மேலே. அதன் கீழே எல்லாப் பெயர்களும் ஒரே பதிலோடு. அப்போதுதான் உறைத்தது. பெயர்கள் தெரியாதபடி மாற்றினாள். வகுப்பில் குபத் பின்னால் வந்து உட்கார்ந்ததும் புதுக் கேள்வி போட்டாள்: பெஷ்பர்மாக் என்னும் கறி நூடுல்ஸ் விருந்துக்கு ஆட்டுக்கறியை எப்படி நறுக்க வேண்டும், மெல்லிசாகவா, தடியாகவா?

நாரினில் இதைக் கேட்பதே வம்பு. கறியை இழை இழையாக நறுக்குவது ஊரின் பெருமை. "மெல்லிசு" மளமளவென்று ஏறியது. "தடி" பக்கம் ஒரே ஒரு ஓட்டு.

"எவன்டா அது? இந்த ஊர்க்காரன்தானா?" மெதெர் எழுந்தேவிட்டான்.

"திட்டுறதைக் கொரிய மொழியில திட்டு!" என்றாள் சிர்கா.

அவன் தடுமாறித் தடுமாறித் திட்டினான்: "இந்த ஆளு... மனுசன் இல்ல. ஓநாய்!" பின்வரிசைப் பெண்களும் கொரிய மொழியிலேயே சேர்ந்துகொண்டார்கள்: "கத்தி பிடிக்கத் தெரியாது!" "சோம்பேறி!"

சாதிர்பெக் மெல்ல எழுந்தார்.

"அந்த ஓநாய் நான்தான்," என்றார், அவரும் கொரிய மொழியில். "என் பொண்டாட்டி வேற ஊர்க்காரி, தலாஸ். அவ வெட்டுற துண்டு பெருசு. ருசியும் பெருசு." மெதெர் சட்டென்று உட்கார்ந்தான். பெரியவர் விடவில்லை: "ஏன்டா நிறுத்திட்ட? தைரியம் இருந்தா பேசு!"

மெதெர் மறுபடி எழுந்தான். பிறகு பெரியவரின் கண்ணைப் பார்த்தே சொன்னான்: "அப்படின்னா... அண்ணி செய்யிறது தப்பு, அண்ணே!"

சாதிர்பெக் தொடையைத் தட்டிச் சிரித்தார். அவ்வளவுதான், அணை உடைந்தது. ஆளுக்கு ஆள் பேசினார்கள், பாதி வாக்கியம், முக்கால் வாக்கியம், எல்லாமே கொரிய மொழி. சிர்கா ஒரு பிழையைக்கூடத் திருத்தவில்லை. மேசையில் ஏறி உட்கார்ந்து, கால்களை ஆட்டிக்கொண்டு கேட்டாள்.

கடைசி வரிசையில் குபத் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். யாரும் பார்க்கிறார்களா என்று இருபக்கமும் நோட்டம் விட்டார். சுவரில் "தடி" பக்கம் இன்னொரு ஓட்டு விழுந்தது.

வாய் திறக்காத வகுப்போடு மல்லுக்கட்டும் ஆசிரியர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், இதை அவரிடம் சொல்லுங்கள்.