மன்னிப்புக் கேட்டதும் கிளம்பிய லோரி

நேற்றுக் காலை எதிர்வீட்டுக்காரர் தன் பழைய பிக்கப்பைக் கிளப்பப் படாத பாடு பட்டார். கிர்ர், கிர்ர் என்று அது முக்கிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் எரியாத பெட்ரோல் வாடை எங்கள் சமையலறைக்குள் வந்துவிட்டது. நான் தோசையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். "என்னங்க, வயிறு சரியில்லயா?" என்றாள் மனைவி. வயிறு நன்றாகத்தான் இருந்தது. பெட்ரோல் வாடை வந்தால் எனக்குக் கூடவே கற்பூரமும் ரோஜா மாலையும் மணக்கும். மூன்றும் சேர்ந்துவிட்டால் சோறு இறங்காது. ஏன் என்று சொல்கிறேன். நீங்கள் சாப்பிட்டு முடித்திருந்தால் நல்லது.

வேலைக்குப் போகத் தொடங்கிய புதிதில் நான் தம்போய் என்ற ஊரில் பிண லோரி ஓட்டினேன். இப்போது ஓடுகிற கண்ணாடி வேன் மாதிரி அல்ல. பெட்ரோலில் ஓடும் சின்ன ஜப்பான் லோரி. பின்னால் தகரக் கூரை, கூரையைச் சுற்றிக் கலர் விளக்குகள், மாலை மாட்டக் கொக்கிகள். தூரத்திலிருந்து பார்த்தால் கல்யாண வண்டி என்றுகூட நினைத்துக்கொள்ளலாம். எனக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு முழங்கையை ஜன்னலில் வைத்து ஓட்டுவேன். பின்னால் பிணம், முன்னால் நான் ஒரு கதாநாயகன். இன்று நினைத்தால் எனக்கே சகிக்கவில்லை.

அந்த லோரிக்கு ஒரு வியாதி. காலையில் இரண்டு முக்கு முக்கிவிட்டுக் கிளம்பிவிடும். ஓடிச் சூடான பிறகு நிறுத்தி, அரை மணி கழித்துச் சாவியைத் திருப்பினால் அசையாது. நான் பாதி போமேன், அதாவது பாதி மெக்கானிக் ஆயிற்றே, சும்மா இருப்பேனா? பேட்டரியை மாற்றினேன். பிளக்கை மாற்றினேன். ஸ்டார்ட்டரைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். சாவியைப் போட்டதும் டாங்கிக்குள் பம்ப் ரீங்கரிப்பது கேட்கும்; ஆக, பெட்ரோல் வருகிறது. பிளக்கில் நெருப்பும் வருகிறது. இரண்டும் இருந்தும் ஏன் கிளம்பவில்லை? என் அறிவு அதோடு முடிந்தது.

என் முதலாளியின் அறிவு அங்கேதான் ஆரம்பித்தது. துக்க வீட்டு வாசலில், உடலை ஏற்றிய பிறகு வண்டி மக்கர் செய்தால், அவர் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு கைகூப்புவார். "பெரியவருக்குப் போவ மனசில்லங்க. ஒரு தேங்கா ஒடச்சிச் சூடம் காட்டுங்க" என்பார். வீட்டார் கதறிக்கொண்டு தேங்காய் தேடுவார்கள். அதற்குள் எஞ்சின் ஆறி, வண்டி கிளம்பும். சனங்கள் முதலாளியைச் சாமியாரைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். எனக்கு அது பிடிக்காது. ஆனாலும் தேங்காய்தானே, யாருக்கு என்ன நட்டம் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு நாள் நட்டம் யாருக்கு என்று தெரிந்தது.

வரிசை வீடுகள் இருந்த ஒரு தாமான் குடியிருப்பில் பெரியவர் ஒருவர் சர்க்கரை நோயில் இறந்துவிட்டார். உடலை ஏற்றினோம். சாவியைத் திருப்பினேன். கிர்ர். தேங்காய் உடைந்தது. கிர்ர். சூடம் எரிந்தது. கிர்ர். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. முதலாளி குரலைத் தாழ்த்தி, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி, "யார் மேலயாச்சும் மனவருத்தமா இருந்தாருங்களா?" என்றார்.

பெரியவரின் மூத்த மகள் அதற்காகவே காத்திருந்தவர்போல் திரும்பினார். "தோ நிக்கிறாளே, சின்ன மருமக! கடைசிக் காலத்துல கேட்ட போத்தலக்கூட குடுக்காம ஒளிச்சு வெச்சவ! அப்பா ஏங்கியே செத்தாரு!"

டாக்டர் குடிக்கக்கூடாது என்ற மனிதரிடமிருந்து சாராயப் போத்தலை ஒளித்து வைத்ததுதான் அந்தப் பெண் செய்த குற்றம். அவர் தெப்ராவ் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுபவர். கணவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். "ஏறி மாமனாரு கால்ல வுழு" என்று நாலைந்து குரல்கள். ஏறினார். பிணத்தின் காலைத் தொட்டு, "மன்னிச்சிருங்க மாமா" என்றார். நான் சாவியைத் திருப்பினேன். கிர்ர்.

"இன்னும் மனசு ஆறல போல" என்றார் முதலாளி.

அந்தப் பெண் இறங்கி நேராக என் ஜன்னலுக்கு வந்தார். கண்ணைத் துடைக்கக்கூட இல்லை. "அண்ணே, பெட்ரோல் வாட அடிக்கிது. எஞ்சின் பெட்ரோல்ல முங்கிப் போயிருக்கு. ஆக்ஸிலேட்டர் மிதிய அடிவரைக்கும் அமுக்கிப் புடிச்சிக்கிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. வுட்டு வுட்டு மிதிக்காதீங்க. என் வேனும் இப்படித்தான் செய்யும்."

அமுக்கிப் பிடித்தேன். ஒரு இருமல், கறுப்பாக ஒரு கொத்துப் புகை, எஞ்சின் உறுமியது. நான் சிரிப்பதற்குள் முதலாளி கத்தினார்: "பாத்தீங்களா! மருமக மன்னிப்பு கேட்டாங்க, அய்யா கெளம்பிட்டாரு!"

கூட்டம் விம்மியது. "அப்ப நான் சொன்னது நெசந்தான!" என்று மூத்த மகள் மார்பில் அடித்துக்கொண்டார். சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிட்டேன்.

"டேய்! என்னாடா பண்ற?"

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தலையை வெளியே நீட்டினேன். "இந்த வண்டி தெனமும் இப்படித்தாங்க நிக்கும். கோளாறு எஞ்சின்ல. இப்ப யாரும் யார் கால்லயும் வுழ வேணாம், நானே ஸ்டார்ட் பண்றேன்." கிளம்பாமல் போனால் அந்தப் பெண் கதி என்ன? நல்லவேளை, தொட்டதும் கிளம்பியது.

பிறகு மூத்த மகள், "லோரிக்காரனுக்கு என்னா தெரியும், பொணத்த வெச்சிக்கிட்டு வெளயாடுறான்" என்றார். தலைகள் ஆடின. அவ்வளவுதான் என் வீரத்தின் பலன். சின்ன மருமகள் மட்டும் மெதுவாக, "போதும்ணே, எடுங்க. வெயில்ல அவரு கெடக்காரு" என்றார். மின்சுடலையில் மூத்த மகள் எல்லாருக்கும் தண்ணீர்ப் போத்தல் கொடுத்துக்கொண்டே வந்தார். எனக்குக்கூடக் கிடைத்தது. அந்தப் பெண்ணைத் தாண்டிப் போய்விட்டார். என் போத்தலை நீட்டினேன். "நீங்க குடிங்கண்ணே, ஓட்டணுமில்ல" என்றார்.

மறுநாள் பட்டறையில் எஞ்சின் எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவி முகர்ந்தேன். எண்ணெயில் பெட்ரோல் நெடி. பெட்ரோலைப் பீய்ச்சும் இஞ்செக்டர் வரிசையைக் கழற்றி மேலே தூக்கிவைத்து, சாவியை மட்டும் போட்டேன். நான்கில் மூன்று காய்ந்து கிடந்தன. ஒன்றின் மூக்கு நுனியில் துளி திரண்டு, சொட்டி, மறுபடி திரண்டது. நிறுத்திய பிறகும் சொட்டிச் சொட்டி எஞ்சினை நனைத்தது அதுதான். முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

குனிந்து பார்த்தார். "மாட்டி வையி" என்றார்.

"பழச மாட்டவா? புதுசு வாங்கலயா பாஸ்?"

"வண்டி நின்னாத்தான்டா சனம் பயப்படும். பயந்தாத்தான் அடுத்த சாவுக்கும் நம்மள கூப்புடும். ஒனக்கு இதெல்லாம் புரியாது லா."

புரிந்தது. சாவியை அவர் மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன். கையை எவ்வளவு சோப்புப் போட்டுக் கழுவியும் அந்த வாடை போகவில்லை.

அந்த வரிசை வீடுகளை இடித்துப் பாலம் கட்டிவிட்டார்கள். அந்தப் பெண் ஆள் ஏற்றிய தொழிற்சாலை மூடப்பட்டு, அங்கே அடுக்குமாடி நிற்கிறது. அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. அன்று முழுவதும் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. லோரி பழைய இரும்புக்குப் போனது.

சில வருடங்களுக்கு முன் முதலாளியும் போய்விட்டார். சோறு போட்டவர், சாவுக்கு நான் போகாமல் இருக்க முடியுமா? அவருடைய மகன் வாங்கியிருந்த புது வேன் வாசலில் நின்றது. கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம். அவரை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார்கள். ஓட்டுநர் ஒரு பொத்தானைத் தொட்டான். சத்தமே வரவில்லை, வண்டி நகர்ந்துவிட்டது. யார்மேலாவது வருத்தமா என்று கேட்க யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. அவருடைய மனைவி, "கொஞ்சம் நில்லுங்களேன்" என்று கேட் வரைக்கும் ஓடினார். வேன் அதற்குள் முனை திரும்பியிருந்தது.