புவனேஸ்வரிக்கு வந்த கம்ப்யூட்டர் சீர்

விராலிமலைப் பக்கம் புதிதாக எழும்புகிற வீடுகளைப் பார்த்துவிட்டு, "முன்பக்கத்த என்னமா வரைஞ்சிருக்காருய்யா இஞ்சினியரு!" என்பார்கள். ஆமாம், கிழித்தார். ஒன்பது வருஷமாக அந்த ஆபீஸில் உட்கார்ந்து முதுகு ஒடிய வரைகிறவள் புவனேஸ்வரி. போர்ட்டிகோ எவ்வளவு நீள வேண்டும், படிக்கட்டு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எல்லாம் அவள் கணக்கு. இஞ்சினியருக்கு முத்திரை குத்துகிற வேலை மட்டும்தான். அதையும் பாதி நாள் தலைகீழாகக் குத்துவார். வீட்டுக்காரர்கள் வந்தால், "நானே உக்காந்து போட்டதுங்க" என்று கூச்சமே இல்லாமல் சொல்லிவிட்டு, "அம்மா, இவங்களுக்கு டீ சொல்லு" என்று அவள் பக்கம் திரும்புவார்.

முப்பத்தேழு வயதில் இந்தப் பிழைப்பு அவளுக்குப் புளித்துப் போயிருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் அன்னவாசல் பாசிலா ஆபீஸுக்கு வந்தாள். கணவர் குவைத்தில் இருக்கிறார், சொந்த மனையில் வீடு கட்டப் போகிறார்கள். இஞ்சினியர் பேசிக்கொண்டிருந்த அரை மணி நேரத்தில், பதில் எல்லாம் அவர் வாயிலிருந்து வரவில்லை, மூலையில் இருந்த பெண்ணிடமிருந்து வருகிறது என்பதைப் பாசிலா கண்டுபிடித்துவிட்டாள். வெளியே வந்து புவனேஸ்வரியைத் தனியாக நிறுத்தினாள்.

"அக்கா, நீங்களே எங்க வீட்டுக்கு முகப்பு வரைஞ்சு தாங்களேன். அவுக லீவு முடிஞ்சு அடுத்த மாசம் இருவதாம் தேதி கிளம்புறாக. அதுக்குள்ள கண்ணுல காமிச்சிட்டீங்கன்னா, வேலை முழுசும் ஒங்களுக்குத்தான்."

தன் பெயரில் வரப்போகிற முதல் வேலை. புவனேஸ்வரிக்கு அன்று பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றவில்லை. ஆனால் வரைவதற்கு வீட்டில் கம்ப்யூட்டர் வேண்டுமே. ஆபீஸ் கம்ப்யூட்டரில் சொந்த வேலை செய்தால் அந்த மனிதர் ஊரைக் கூட்டிவிடுவார்.

தை பிறந்து ஒன்பதாம் நாள் அவளுடைய புது வீட்டுக்குப் பால் காய்ச்சுவதாக இருந்தது. பிறந்த வீடு குடுமியான்மலைப் பக்கம். அண்ணன் சிவசாமியும் தம்பி வெற்றிசெல்வனும் சீர் கொண்டு வருவார்கள். ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து வர மாட்டார்கள். வரப்பில் இருக்கிற போர்வெல் யாருக்கு என்று சண்டை போட்டு, மூன்று வருஷமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. நல்லது கெட்டதுக்குக்கூட ஒருவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் மற்றவர் பந்திக்கு வருவார்.

பீரோ வேண்டாம், கிரைண்டர் வேண்டாம், கம்ப்யூட்டருக்குச் சாமான் வாங்கிக் கொடுங்கள் என்றாள் புவனேஸ்வரி. ராத்திரி ராத்திரியாகப் போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்து, எதோடு எது சேரும் என்று அலசி, ஒரு பட்டியல் எழுதியிருந்தாள். அண்ணனுக்குக் கம்ப்யூட்டரின் மூளையான பிராசசர், தம்பிக்கு அதை உட்கார வைக்கிற மதர்போர்டு. மற்றதெல்லாம் அவளே வாங்கிக்கொள்வாள். கம்பெனி பெயர், நம்பர், எல்லாம் எழுதி இருவருக்கும் தனித்தனியாக அனுப்பிவிட்டு, போனிலும் சொன்னாள்.

"அண்ணே, இதுல ஒரு எழுத்து, ஒரு நம்பர்கூட மாறக் கூடாது. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு அளவெடுத்தது. மாறுனா உள்ள உக்காராது."

"எங்களுக்குத் தெரியாதா? நீ பாலக் காய்ச்சுற வேலையப் பாரு" என்றார் சிவசாமி.

தெரியாது. அதுதான் விஷயம். தெரியாது என்பதும் தெரியாது.

சிவசாமி திருச்சிக்குப் போய்க் கடையில் பட்டியலை நீட்டினார். எடுத்துக் கொடுத்த பையன், "இது போன வருச மாடல் சார், இதைவிடப் பெரிசு இப்ப வந்திருக்கு" என்று வாயை விட்டான். போதாதா? கேட்டதை மட்டும் வாங்கிக்கொண்டு போய் நிற்க அவர் என்ன, முட்டை வாங்கிவரச் சொல்லி அனுப்பிய ஆளா? கேட்டதற்கு மேல் ஒரு படி வைத்தால்தான் அது சீர், அந்த வீட்டில் அப்படித்தான் வழக்கம். ஒரு பவுன் கேட்டால் ஒன்றேகால், வெண்கலம் கேட்டால் வெள்ளி. அந்த அளவுகோலைக் கம்ப்யூட்டருக்கும் தூக்கிக்கொண்டு போனார் பெரிய மனிதர். பெரியதையே வாங்கினார்.

சேதி தம்பி காதுக்குப் போக எவ்வளவு நேரமாகும்? "அவரு மட்டும் பெரிசா செஞ்சு பேரு வாங்கிருவாரா?" என்று வெற்றிசெல்வன் வேறொரு கடைக்குப் போனான். பட்டியலை அவன் சட்டைப் பையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை. ஏழு நிறத்தில் விளக்கு எரிகிற போர்டு ஒன்று கண்ணாடிக்குள் இருந்தது. அடேயப்பா, இதைத் தட்டில் வைத்தால் ஊரே வாயைப் பிளக்குமே! வேறொரு கம்பெனி பிராசசருக்காகச் செய்த போர்டு என்று பெட்டி மேலேயே போட்டிருந்தது. பெட்டியைப் படிக்கிற பழக்கம் அவனுக்கு இல்லை.

விசேஷத்தன்று மேளத்தோடு தட்டுகள் வந்தன, அண்ணன் வரிசை முன்னால், தம்பி வரிசை பத்து நிமிஷம் கழித்து. பழத்தட்டு, இனிப்புத் தட்டு, நடுவில் பிராசசர். சிவசாமியின் மனைவி பொற்கொடிக்கு அட்டைப் பெட்டியாக வைத்தால் மதிப்பில்லை என்று தோன்றிவிட்டது. அதனால் பெட்டியைப் பிரித்து, உள்ளே இருந்ததை வெற்றிலை மேல் எடுத்து வைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டுவிட்டாள். அது ஒரு பிஸ்கட் அளவுகூட இல்லை. "இதுக்கா மேளம்?" என்று ஒரு பெரியம்மா கேட்டே விட்டார். தம்பி வீட்டுக்காரர்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? போர்டைச் சுற்றி ஈர மல்லிகைச் சரம்.

புவனேஸ்வரி தட்டுகளைக் கையில் வாங்கியபோதே நம்பர் மாறியிருந்ததைப் பார்த்துவிட்டாள். சபையில் என்ன சொல்வது? பல்லைக் கடித்துக்கொண்டு போட்டோவுக்குச் சிரித்தாள்.

மூன்றாம் நாள் இருவரையும் வீட்டுக்கு வரச் சொன்னாள். ஆவூரிலிருந்து கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற பெலிக்ஸையும் வரவழைத்திருந்தாள். முதுகோடு முதுகாக, அண்ணன் நாற்காலி கிழக்கே பார்க்க, தம்பி நாற்காலி மேற்கே பார்க்க. பெலிக்ஸ் மல்லிகைச் சரத்தைப் பிரித்து எடுத்தார், சந்தனத்தை முகர்ந்து பார்த்தார், பிறகு நிமிர்ந்தார்.

"இது ரெண்டும் சேராதுங்க."

"ரெண்டுல எது தப்புன்னு சொல்லுங்க" என்றார் சிவசாமி, சுவரைப் பார்த்துக்கொண்டு.

"தங்கச்சி எழுதுனது ஒண்ணுமே வரலயேங்க. ரெண்டுமே தப்புதான்."

"நீங்க எந்த ஊரு?" என்றான் வெற்றிசெல்வன்.

"ஆவூருங்க."

"ஆவூருல என்ன, கம்ப்யூட்டரா வெளையுது? பெரிசா சொல்ல வந்துட்டீங்க!"

பெலிக்ஸ் எத்தனையோ வாடிக்கையாளர்களைப் பார்த்தவர். சாமானை மாற்றிக் கொடுப்பார்களா என்று கடைக்காரர்களைக் கேட்க போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். உள்ளே சிக்னல் கிடைக்காது. "யாரும் தொட்டுராதீங்க" என்று சொல்லிவிட்டுப் புவனேஸ்வரி டீ போடப் போனாள். சின்னப் பிள்ளைகளிடம் சொன்னால்கூட ஒரு நிமிஷம் கேட்டிருக்கும்.

"நாலு மூலையும் சதுரமாத்தானே இருக்கு. அழுத்துனா போகாதா என்ன?" அண்ணன் குரல்.

"போகும். லேசா இடிக்குது, அம்புட்டுத்தான்." தம்பி குரல்.

அடுப்படியில் புவனேஸ்வரிக்கு ஒரு நொடி மனசு குளிர்ந்தது. மூன்று வருஷம் கழித்துப் பேசுகிறார்கள்! அடுத்த நொடிதான் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது உறைத்தது. ஓடி வந்தாள்.

"பிடிடா நல்லா!" என்றார் சிவசாமி. தம்பி பிடித்தான். அண்ணன் கட்டைவிரலை வைத்து, உடம்பு பாரத்தையெல்லாம் இறக்கி அழுத்தினார். நொறுக்கென்று ஒரு சத்தம்.

போர்டில் பிராசசர் உட்காருகிற இடத்தில் முடி கனத்தில் ஆயிரத்துக்கு மேல் ஊசிகள் உண்டு. பாதி படுத்துவிட்டன. பிராசசரின் ஒரு மூலை உடைந்து அண்ணன் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. திரும்பி வந்த பெலிக்ஸ், சந்தனம் பட்டதைக் கடையில் எடுக்க மாட்டார்களாம் என்று சொல்ல வாயைத் திறந்தவர், போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு இரண்டு பேரும் ஒன்றாக அவளைப் பார்த்தார்கள்.

"நீ எழுதுன லிஸ்ட்டுதான் தப்பு, ஆத்தா" என்றார் சிவசாமி.

"அதான், பாத்து எழுத வேணாமாக்கா?" என்றான் வெற்றிசெல்வன்.

போகும்போது இருவரும் ஒரே பைக்கில் போனார்கள்.

புவனேஸ்வரி அன்று அழுதாள். துக்கத்தில் வந்த அழுகை இல்லை, ஆத்திரம். ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து வாங்க வக்கில்லாத இரண்டு பேருக்கு இத்தனை வருஷம் எழுந்து நின்று மரியாதை கொடுத்திருக்கிறோமே என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு பெலிக்ஸுக்குப் போன் போட்டாள். அதே பட்டியல், ஒரு நம்பர் மாறவில்லை. வாசலுக்குக் கேட் போட வைத்திருந்த பணத்தை எடுத்துக் கொடுத்தாள். வாசல் திறந்து கிடந்தது, தெரு ஆடுகள் வந்து செம்பருத்தியை மேய்ந்தன. மேயட்டும். பெலிக்ஸ் கொண்டுவந்து வைத்த பிராசசர் விரல் நுனிப் பாரத்திலேயே போய் உட்கார்ந்தது.

பத்தொன்பதாம் தேதி பாசிலாவும் அவள் கணவரும் வந்து திரையில் தங்கள் வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். அவர் மாடி ஜன்னலை மட்டும் கொஞ்சம் அகலமாக்கச் சொன்னார். படத்தின் கீழ் மூலையில் "வரைந்தவர்: புவனேஸ்வரி" என்று இருந்தது.

அவர்கள் போன சற்று நேரத்தில் போன் அடித்தது. ஒரே போனில் இரண்டு குரல்.

"ஆத்தா, நடந்தது நடந்துபோச்சு. ஞாயித்துக்கிழம நானும் தம்பியும் வாரோம்" என்றார் சிவசாமி. "இந்தவாட்டி ரெண்டு பேரும் சேந்து பெரிசா ஒண்ணு பாத்து வச்சிருக்கோம். ஊரே அசந்துரும் பாரு!"

"என்ன வேணும்னு ஏங்கிட்ட கேட்டீங்களாண்ணே?"

"சீருன்னா கேட்டா செய்வாக? நாங்களாப் பாத்துச் செய்யிறதுதான்!"

"வாங்கண்ணே, தம்பியையும் கூட்டிட்டு வாங்க. கறி எடுத்து ஆக்கிப் போடுறேன்" என்றாள் புவனேஸ்வரி. "ஆனா வெறுங்கையோட வாங்க."

தங்கச்சி வீட்டு வாசலை வெறுங்கையோடு மிதிப்பதைவிட அந்த வீட்டு ஆண்கள் தங்கள் காலை வெட்டிக்கொள்வார்கள். அது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

"வெறுங்கையோடயா? அப்ப நாங்க எதுக்கு வரணும்?" என்றார் சிவசாமி.

"அதையும் யோசிச்சுட்டு வாங்க" என்று போனை வைத்துவிட்டு, மாடி ஜன்னலை அரையடி அகலமாக்கினாள்.