பச்சைக் கேபிளும் கிரீஸும்

எண்ணூர்ப் பக்கம் எந்த இரும்பும் நிம்மதியாக இருப்பதில்லை. கடலிலிருந்து உப்பு வரும். அனல்மின் நிலையத்திலிருந்து சாம்பல் வரும். கப்பல் வந்து நிற்கும் ஜெட்டியில் இறங்கும் நிலக்கரித் தூள் இரண்டின் மேலும் உட்காரும். பொங்கலுக்குப் போட்ட போல்ட்டை ஆடியில் கழற்றப் போனால் ஸ்பேனர் வேலைக்கு ஆகாது, வெட்டித்தான் எடுக்க வேண்டும். அதனால் எங்கள் ஆட்களுக்கு ஒரே வைத்தியம்தான் தெரியும். கிரீஸ். காத்திவாக்கத்தில் படகு வைத்திருப்பவன் எஞ்சினின் ஒவ்வொரு நட்டுக்கும் அப்புகிறான். வீட்டுக் கேட், தண்ணீர் மோட்டார், சைக்கிள் பூட்டு, எல்லாவற்றுக்கும் கிரீஸ். ஒரு பொருளின் மேல் அக்கறை இருக்கிறது என்று காட்ட இங்கே இருக்கும் வழி அதுதான்.

நான் ஒரு நிலக்கரி ஜெட்டியில் காண்ட்ராக்ட் எலெக்ட்ரீஷியன். கப்பலிலிருந்து நிலக்கரி அள்ளும் கிரேன் என் பொறுப்பு. பொறுப்பு என்றால், அது நின்றால் திட்டு வாங்குவது.

அந்தக் கிரேனை ஓட்டியவன் என் நண்பன். ராயபுரத்துக்காரன். அவன் அப்பா துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். இவன் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, காலுக்குக் கீழே கப்பலைப் பார்த்துக்கொண்டு, இரும்பு வாயைத் திறந்து மூடி நிலக்கரி அள்ளினான். அந்த வாயை நாங்கள் கிராப் என்போம். அந்தக் கூண்டு அவனுக்கு எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்து வந்தால் கூட்டத்தில் யாராவது, "இன்னா ஆப்பரேட்டரே" என்று கூப்பிடுவார்கள். அதற்காகவே மெதுவாக நடப்பான். கிண்டல் செய்தால், "உன்ன மாரி கரண்ட்டு கம்பத்துல தொங்குறவனுக்கு அது எங்க புரியப்போவுது" என்பான்.

பழைய கிரேனில் கிராப் எவ்வளவு உயரத்தில் தொங்குகிறது என்பதை ஆப்பரேட்டர் கண்ணால்தான் பார்த்தாக வேண்டும். உதவிக்கு, கிராப்பைத் தாங்கும் இரும்பு ரோப் சுற்றும் டிரம்மின் முனையில் ஒரு பழைய என்கோடர் இருந்தது. டிரம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணிச் சொல்லும் உருளை அது. அதிலிருந்து ஒரு கட்டு ஒயர் வந்து பெட்டிக்குள் ஸ்க்ரூவில் முடியும். பிறகு எல்லாவற்றையும் மாற்றினார்கள். புது என்கோடர் கம்ப்யூட்டர் மாதிரி ஈத்தர்நெட்டில் பேசும். கட்டு ஒயர் போய், ஒரே ஒரு பச்சைக் கேபிள். முனையில் சுண்டுவிரல் தடிமனுக்கு ஒரு கனெக்டர், அதற்குள் ஊசி மாதிரி பின்கள். கம்ப்யூட்டரில் பார்ப்பது போல கூண்டின் திரையில் கிராப்பின் உயரம் நம்பராக ஓடும். கப்பலின் அடித்தட்டு நெருங்கினால் கிரேன் தானாக வேகத்தைக் குறைக்கும். நல்ல சாமான்தான். அதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் வந்த சில வாரங்களிலேயே கிரேன் நடுவில் நிற்க ஆரம்பித்தது. திரையில் என்கோடருடன் தொடர்பு இல்லை என்று வரும். கிராப் அந்தரத்தில் தொங்கும். நான் ஏணி ஏறி டிரம் இருக்கும் அறைக்குப் போய்ச் சேர்வதற்குள் தொடர்பு திரும்பியிருக்கும். எல்லா விளக்கும் பச்சையாக எரியும். கனெக்டரைக் கழற்றிப் பார்க்க வேண்டும், கிரேனைக் கொஞ்ச நேரம் நிறுத்துங்கள் என்று கேட்டேன். கப்பல் நிற்கும்போது எப்படி நிறுத்துவது என்றார்கள். கப்பல் போன பிறகு கேட்டேன். அடுத்த கப்பல் வந்துவிட்டது என்றார்கள். அங்கே எப்போதும் ஒரு கப்பல் நிற்கும்.

மேனேஜருக்குப் பொறுமை போயிற்று. வெளியிலிருந்து லேப்டாப்புடன் ஒருவரை வரவழைத்தார். அவர் புரோகிராமில் ஒன்றைச் சேர்த்தார். தொடர்பு அறுந்தால் உடனே நிற்க வேண்டாம், கடைசியாக வந்த நம்பரையே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஓடட்டும், அதற்குள் தொடர்பு திரும்பிவிடும் என்று. பைபாஸ். என் கண் முன்னால்தான் செய்தார். இது ஆபத்து சார் என்று சொன்னேன். மேலிடத்தில் கேட்டுத்தான் செய்கிறேன் என்றார். பாவம், அவர் நல்லவர். டீ குடித்துவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் கிரேன் நிற்கவே இல்லை. எல்லோருக்கும் சந்தோஷம். ஆப்பரேட்டருக்கு இதை யாரும் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். திரையை மட்டும் நம்பாதே, ரோப்பையும் பார் என்றேன். பார்க்கிறேன் என்றான். தூசு இல்லாத நாளில் பார்த்தான்.

அன்றைக்குத் தூசு. அந்தக் கப்பலில் வந்தது காய்ந்த பொடி நிலக்கரி. அள்ள அள்ளக் கறுப்பு மேகம் எழும்பி, கப்பலின் நிலக்கரிக் கிடங்கான ஹேட்ச்சின் வாயை மூடிக்கொண்டது. கீழே ஒன்றும் தெரியாது. கிராப்பை இறக்கிக்கொண்டிருந்தபோது தொடர்பு அறுந்திருக்கிறது. திரையில் நம்பர் அப்படியே நின்றிருக்கிறது. கிராப் மட்டும் போய்க்கொண்டிருந்தது. வேகம் குறையவில்லை. கப்பலின் அடித்தட்டில் போய் மோதியது. ரோப் தொய்ந்து டிரம்மை விட்டுக் குதித்து, டிரம் அறையின் தகரத்தை அறைந்தது. அந்தச் சத்தம் ஜெட்டி முழுக்கக் கேட்டது. ஹேட்ச்சுக்குள் அப்போது ஆள் யாரும் இல்லை. உள்ளே வேலை செய்பவர்களுக்கு உணவு இடைவேளை. அவ்வளவுதான் எங்கள் அதிர்ஷ்டம்.

கப்பல் தட்டு நசுங்கிவிட்டது. கப்பல்காரர்கள் விடவில்லை. யார் பொறுப்பு என்று எழுத்தில் கேட்டார்கள். கிரேன் வைத்திருக்கும் கம்பெனிக்குப் பழி சுமக்க ஒரு ஆள் தேவைப்பட்டான்.

கிரேன் நின்ற பிறகுதான் எனக்குக் கனெக்டரைக் கழற்ற நேரம் கிடைத்தது. கழற்றினேன். உள்ளே முழுக்க கிரீஸ். பின்களின் மேல், பின்களுக்கு நடுவில், எல்லா இடத்திலும். கிரீஸில் நிலக்கரித் தூள் கலந்து கறுப்பாகக் குழம்பிக் கிடந்தது. கிரேன் குலுங்கும்போது அந்தக் களிம்பு பின்னுக்கும் குழிக்கும் நடுவில் புகுந்து தொடர்பை வெட்டியிருக்கிறது. யார் கை என்று யோசிக்கவே தேவையில்லை. எங்கள் ஃபிட்டர் ஒவ்வொரு மாதமும் டிரம் அறைக்குப் போவான். காத்திவாக்கத்துக்காரன். பழைய என்கோடர் இருந்த காலத்தில் அந்தப் பெட்டியின் ஸ்க்ரூக்கள் மேல் அப்பினான், அது உப்பைத் தடுத்தது, நல்லதாகத்தான் இருந்தது. புதுசு வந்ததும், விலை கூடிய சாமானாயிற்றே என்று உள்ளேயே அப்பியிருக்கிறான். ஸ்க்ரூ போட்ட தடித்த ஒயருக்கு அது ஒன்றும் செய்யாது. இந்த ஊசிப் பின்களுக்கு அது ஆகாது. அவனுக்கு அதை யாரும் சொல்லவில்லை. மாற்றிய அன்று எங்களில் யாருக்கும் எதுவும் கற்றுக்கொடுக்கவில்லை. ரிப்பன் வெட்டினார்கள், லட்டு கொடுத்தார்கள்.

அந்த ஃபிட்டர் என் நண்பனின் தங்கை கணவன்.

விசாரணை ஏசி அறையில் நடந்தது. மேனேஜர், காண்ட்ராக்ட் கம்பெனி ஆள் ஒருவர், ஆப்பரேட்டர், நான். ஃபிட்டரை இன்னும் கூப்பிடவில்லை. அவன் வெளியே ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தது கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிந்தது. பைபாஸைப் பற்றிச் சொல்லிவிடுவது என்று நான் முடிவு பண்ணித்தான் போயிருந்தேன். சொன்னேன். தொடர்பு அறுந்தால் நிற்க வேண்டிய கிரேனை நிற்காமல் செய்து வைத்தது நீங்கள், நம்பர் நின்றது அவன் குற்றம் ஆகாது என்றேன். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தும் அளவுக்கு எனக்குள் ஒன்றும் இல்லை.

மேனேஜர் மறுக்கவே இல்லை.

"பைபாஸ் போட்டோம். எனக்கும் தெரியும். ஏன் போட வேண்டி வந்துச்சு? சிக்னல் ஏன் கட் ஆச்சு? கனெக்டரைக் கழட்டிப் பார்த்தீங்கல்ல, உள்ள என்ன இருந்துச்சு? அதைச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

மிரட்டல் மாதிரியே இல்லை. சாப்பிட்டீர்களா என்று கேட்பது போலக் கேட்டார். கனெக்டரை நான் கழற்றியபோது அவரும் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்திருந்தார். உள்ளே என்ன இருந்தது என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

என் நண்பன் கதவைப் பார்த்தான். பெஞ்சைப் பார்த்தான்.

"இன்னாத்துக்கு சார் அதெல்லாம்," என்றான். "நான்தான் நம்பரப் பாத்துகினே எறக்கிட்டேன். ரோப்பப் பாக்கல. என் தப்புதான். எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டார்கள். அவனுக்குக் கொஞ்சம் நிம்மதி மாதிரிகூட இருந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருக்க வேண்டும். கையெழுத்துப் போட அவன் என் பேனாவைத்தான் கேட்டான், கொடுத்தேன்.

வெளியே வந்து, கன்வேயர் தூணின் நிழலில் நின்று அவனைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். உனக்கு அறிவு கீதாடா என்று கேட்டேன்.

"என்ன எறக்குனா நான் கீழ நிப்பேன் மாமு. எதுனா ஒரு வேல குடுப்பானுங்க. அவனத் தூக்குனா அவன் எங்க போவான்? மீன் புடிக்க ஆத்துக்கா போவான்? ஆத்துல இன்னா கீது, சாம்பல் கீது. வூட்ல என் தங்கச்சி கீது, ரெண்டு புள்ளைங்க கீது."

"கூண்டு?"

"கூண்டுல வேற எவனாச்சும் குந்துவான்."

ஃபிட்டருக்கு யார் சொன்னார்களோ, இரண்டு நாளில் தெரிந்துவிட்டது. என்னிடம் வந்து, உள்ளே போடக் கூடாதா என்று கேட்டான். கூடாது என்றேன். அப்போ உப்பு ஏறுமே என்றான். ஏறும், அதற்கு ரப்பர் சீல் இருக்கிறது, அதைச் சரியாக முறுக்கினால் போதும் என்று டிரம் அறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். அவன் தலையை ஆட்டிக்கொண்டே பார்த்தான். நான் போன பிறகு அந்த அறையிலேயே உட்கார்ந்து அழுதான் என்று வேறொருவன் சொன்னான். மச்சானிடம் அவன் மன்னிப்புக் கேட்டானா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

இப்போது புதுக் கேபிள் போட்டாயிற்று. புதுக் கனெக்டர். பைபாஸை எடுத்துவிட்டார்கள், சத்தமில்லாமல், அதே லேப்டாப் ஆளை வைத்து. கூண்டில் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். நன்றாக ஓட்டுகிறான். அவன் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

என் நண்பன் கீழே ஜெட்டியில் நிற்கிறான். கிராப் நிலக்கரியைக் கொட்டும் ஹாப்பர் ஓரம் சிதறுவதை மண்வாரியால் வாரிப் போடுவது, லாரிக்கு விசில் ஊதுவது. முகத்தில் துணி கட்டிக்கொண்டு நிற்பதால் யார் எவர் என்று தெரியாது. அவன் மனைவி ஒரு நாள் திருவொற்றியூர் மார்க்கெட்டில் என்னை நிறுத்தி, மறுபடியும் ஏத்துவாங்களாண்ணா என்று கேட்டாள். பார்க்கலாம்மா என்றேன். பையிலிருந்த கீரையை எடுத்து மறுபடி பைக்குள்ளேயே வைத்தாள்.

புதுக் கனெக்டரிலும் எப்போதாவது தொடர்பு அறுந்து கிரேன் நிற்கிறது. நிற்க வேண்டிய இடத்தில், நிற்க வேண்டியபடி. கிராப் அந்தரத்தில் தொங்கும். நான் ஏணி ஏறுவேன். மேனேஜர் இப்போதெல்லாம் ஒன்றும் சொல்வதில்லை. திரும்பி இறங்கும்போது என் நண்பன் மண்வாரியை ஊன்றி நின்றுகொண்டு, முகத்துணியை இறக்கிவிட்டுக் கேட்பான்.

"இன்னா, நின்னுச்சா?"

"நின்னுச்சு."

"நிக்கட்டும்," என்பான். துணியை ஏற்றிக்கொண்டு வாரப் போவான்.