தென்மலைக்குப் போன உப்புத் தண்ணீர்

அணைக்கட்டு இருக்கிற ஊருக்கு யாராவது தண்ணீர் சுமந்துகொண்டு போவார்களா? சுயம்புலிங்கம் போனார். கரிவலம்வந்தநல்லூர்க்காரர், ஆடு மேய்க்கிறவர். எண்பத்தேழாம் வருஷம் ஆனி மாசம், வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைத் தூக்குவாளி நிறைய மொண்டு, மூடியைத் துணியால் இறுக்கிக் கட்டி, சங்கரன்கோவில் ஸ்டேஷனில் கொல்லம் பாசஞ்சரில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

காரணம் இல்லாமல் இல்லை. மகள் சுப்புத்தாயைக் கட்டிக்கொடுத்தது மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துத் தென்மலையில். மருமகன் குருசாமிக்கு அங்கே அணையில் வேலை. அவளுக்கு இப்போது ஏழாம் மாசம். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது நம் பக்கத்து வழக்கம். ஆனால் தாய்க்காரிதான் போய்ச் சேர்ந்துவிட்டாளே! போன மாசம் ஊருக்கு வந்த குருசாமி தலையைச் சொறிந்துகொண்டே சொன்னான்.

"பிரசவத்துக்கு இங்கன வரமாட்டேங்கா மாமா. ஆனா மசக்கையா இருந்தப்ப மட்டும் நம்ம கெணத்துத் தண்ணிதான் வேணும்னு ஒரே பொலம்பல்."

மனுஷர் இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டார். தண்ணீரைக் காட்டினால் பின்னாலேயே வந்துவிடுவாள் என்று முடிவு கட்டினார். தழையைக் காட்டி ஆட்டை நடத்தியே பழகிய ஆள், வேறெப்படி யோசிப்பார்?

செங்கோட்டை தாண்டி ரயில் குகைக்குள் நுழைந்தபோது, இருட்டில் எவனாவது இடித்துவிடுவானோ என்று வாளியை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டார். எதிரே இருந்த எலுமிச்சை வியாபாரி கேட்டார்: "என்ன அண்ணாச்சி, தேனா?"

"தண்ணி."

"தண்ணியா! தென்மலைக்கா!"

பெட்டியே சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டும், அவருக்கென்ன.

தென்மலையில் மழை. நம் ஊர்ப் பக்கம் கோவில் கொடைத் திருவிழாவுக்குக்கூட எட்டிப் பார்க்காத மழை அங்கே நாளெல்லாம் கொட்டிக்கொண்டிருந்தது. காடு பச்சைப்பசேலென்று ரோட்டின் மேலேயே சாய்ந்து கிடந்தது. குருசாமியின் வீடு ஏரியைப் பார்த்த மேட்டில். அணைக்குப் பின்னால் மலை இடுக்கெல்லாம் தண்ணீர் நிறைந்து நின்றது. சுயம்புலிங்கம் அதைப் பார்த்தார், கையிலிருந்த வாளியைப் பார்த்தார். அட கூறுகெட்ட மனுஷா என்று தன்னையே திட்டிக்கொண்டு, வாளியைத் துண்டால் மூடினார்.

சுப்புத்தாய் கண்ணுக்குத் தப்புமா? "என்னத்தப்பா மறைக்குத?"

கொடுத்தார். ஆசையாக அண்ணாந்து ஒரு மடக்குக் குடித்தவள் முகத்தைச் சுளித்தாள். "த்தூ, உப்பாக் கரிக்கு! இதையா இத்தன காலமும் குடிச்சோம்?" வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவரும் கூடச் சிரித்தார். உள்ளே மனசு விட்டுப்போயிற்று. இனி எதைச் சொல்லிக் கூப்பிடுவது?

மத்தியானம் சோறு போடும்போது கேட்டே விட்டார். "வா மக்கா, நம்ம வீட்டுக்குப் போவோம்."

"நான் பொறந்தப்போ நீ எங்கப்பா இருந்த?"

அவருக்குத் தெரியாதா? புளியங்குடித் தோட்டத்தில், எருவுக்காக ஆட்டுக்கிடை போட்டிருந்தார். சேதி வந்தும் மந்தையை ஒப்படைத்துவிட்டு வர ஆளில்லை. பிள்ளைக்குக் கழுத்து நின்ற பிறகுதான் முகத்தைப் பார்த்தார்.

"அம்மா குடத்தோட கெணத்தடியிலேயே வலிவந்து உக்காந்துட்டாளாம். நீ இப்பவும் ஆட்டுக்குப் பின்னால போயிருவ. வலி வந்தா நான் யாரக் கூப்புடுவேன்? எனக்குப் பயமா இருக்குப்பா."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "ஆடு இப்ப எங்கிட்ட இல்ல தாயி."

"வித்துட்டியா?"

"பக்கத்துக் கிடைக்காரன் மருதப்பங்கிட்ட விட்டுருக்கேன். கிடைக்கு அவன் போவான். நீ பெத்து எந்திரிச்சு நடமாடுத வரைக்கும் நான் வாசலத் தாண்டமாட்டேன். முத்துமாரியம்மாகிட்ட பிரசவம் பாக்கவும் சொல்லியாச்சு."

சுப்புத்தாய் கரண்டியைக் கீழே வைத்தாள். மந்தையை இன்னொருத்தன் கையில் விட்ட அப்பாவை அவள் கண்டதே இல்லை. "இத வந்ததுமே சொல்லுததுக்கு என்னப்பா?"

"தண்ணிக்கே வந்துருவன்னுல்லா நெனச்சேன்."

அழுதாள், சிரித்தாள், மறுநாள் ரயிலேறினாள். வாளியும் சும்மா வரவில்லை. ஏரித் தண்ணீரை நிரப்பிக் கொடுத்திருந்தாள். வழியில் குடித்துப் பார்த்தவர், "சப்புன்னு இருக்கு" என்றார்.

ஆவணியில் பெண் பிள்ளை பிறந்தது. அன்றைக்கென்று பார்த்து மருதப்பன் மந்தையை அந்த வழியாக ஓட்டிக்கொண்டு வந்தான். ஆடுகள் சுயம்புலிங்கத்தைக் கண்டு கத்தித் தீர்த்தன. அவர் வாசலை விட்டு அசையவில்லை.

"பிள்ளைக்குச் சேனை வைக்கணும், யாரு வைக்கிய?" என்று முத்துமாரியம்மாள் உள்ளிருந்து கேட்டாள். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் இனிப்பைத் தொட்டு வைக்கிறவரின் குணம்தான் அதற்கு வரும் என்பார்கள்.

"அப்பா வைக்கட்டும்" என்றாள் சுப்புத்தாய்.

அவர் பதறிப்போனார். "ஏட்டி, வேண்டாம். எங்குணம் வந்துரப் போவுது."

"இப்ப உள்ள குணம் வரட்டும்ப்பா."

விரலைத் தோய்த்து வைத்தார். நம் கிணற்று உப்புத் தண்ணீரில் கரைத்த சீனிதான். பிள்ளை சப்புக்கொட்டியது.