துப்பாக்கிக்குக் கிழியாத சட்டை

கல்யாணமாகி மூன்றாம் மாதமே என் வீட்டுக்காரர் பம்பாய்க்கு லேத் பட்டறை வேலைக்குப் போய்விட்டார். இன்று எங்கள் ஊர் ஒரகடத்தில் திரும்பின பக்கமெல்லாம் கம்பெனி. எங்கள் கடலைக் கொல்லை இருந்த இடத்தில் லாரிகள் நிற்கின்றன. தொண்ணூற்றொன்றில் இந்தக் கம்பெனிகள் எங்கே தூங்கிக்கொண்டிருந்தனவோ! சிங்கப்பெருமாள் கோவிலில் ரயில் ஏறிய அன்று அவர் கழற்றிப் போட்டுவிட்டுப் போன சட்டையை நான் துவைக்கவில்லை. அவர் வாசனை அதில் இருந்தது. பீரோவில் வைத்தால் கேலி பேசுவார்கள் என்று கந்தல் மூட்டையின் அடியில் திணித்துவிட்டேன். ஆளில்லாத நேரமாகப் பார்த்து எடுத்து முகத்தைப் புதைத்துக்கொள்வேன். வெட்கமாவது ஒன்றாவது, எனக்கு அவர் வேண்டும்.

அந்த வருஷம் கடலைக் கொல்லையில் காட்டுப்பன்றித் தொல்லை. மாமனாரிடம் லைசென்ஸ் வாங்கிய நாட்டுத் துப்பாக்கி ஒன்று இருந்தது. எதையும் சுட மாட்டார். பொழுது சாய்கிற நேரத்தில் வெறும் வேட்டுப் போட்டு விரட்டுவதோடு சரி. குழாய் வாய் வழியாகக் கருமருந்தைப் போட்டு, அதன்மேல் துணியைச் சுருட்டி வைத்து, கம்பியால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். துணி இறுகினால்தான் சத்தம். மற்றவர்கள் தேங்காய் நாரை அடைப்பார்கள். இவருக்கு அது ஆகாது, உடுத்தி உடுத்தி நைந்த பருத்திதான் வேண்டும். டெரிகாட்டன் என்றால் அடியோடு பிடிக்காது. உருகிக் குழாயில் ஒட்டிக்கொள்ளுமாம். எங்கள் வீட்டிலோ அப்போது பாதிக்குமேல் டெரிகாட்டன்தான், பளபளவென்று!

ஒருநாள் மாமனார் வேட்டுக்கென்று வைத்திருந்த துணி தீர்ந்துபோனது. நேராக வந்து கந்தல் மூட்டையை அவிழ்த்தார். அடுப்படியிலிருந்து மாமியார், "நான் எடுத்துத் தரேன், நீ கை வெக்காத!" என்று சத்தம் போட்டுக்கொண்டே ஓடிவந்தார். அதற்குள் எல்லாம் தரையில் கொட்டியாகிவிட்டது. மாமனார் அந்தச் சட்டையை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"இது நல்லா பஞ்சாட்டம் கீது."

எனக்கு உயிரே போயிற்று. மாமனார் எதிரில் நின்றுகூடப் பேசாதவள், கதவுக்குப் பின்னாலிருந்து கத்தியேவிட்டேன். "அது வேணாம் மாமா! அது டெரிகாட்டன்!"

அவர் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவித் தீக்குச்சியைக் காட்டினார். உருகவில்லை, சாம்பலாகி உதிர்ந்தது. சனியன் பிடித்த நூல், எனக்காக ஒருதரம் உருகித் தொலைத்திருக்கக் கூடாதா?

"இன்னாம்மா, பருத்தியாத்தானே கீது?"

என்னத்தைச் சொல்வது? புருஷன் வாசனை என்று மாமனாரிடம் சொல்ல முடியுமா? அழுகை முட்டிக்கொண்டு வந்தது. விசும்பல் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மகனுடையது என்று அப்போதுதான் புரிந்ததுபோல மெதுவாக மடித்துப் பலகைமேல் வைத்தார். பிறகு தோளில் கிடந்த தன் துண்டைப் பர்ரென்று கிழித்துக்கொண்டே கொல்லைக்கு நடந்தார்.

நான் பாய்ந்துபோய் எடுத்தேன். மாமியார் கையை நீட்டினார்.

"இங்க குடுடி."

திட்டப்போகிறார் என்றே நினைத்தேன். அவர் அதை மூக்கருகே வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். கொல்லையில் வேட்டு வெடித்தது; அசையவில்லை.

"நீ மோந்துட்டு வெச்சப்புறம் நானும்தான் தெனம் எடுத்துப் பாக்குறேன்," என்றார். "வாசனை கொறஞ்சிகினே வருதுடி."