மேல்பல்லும் கீழ்ச்சொண்டும்

ஆங்கிலம் படிப்பிக்க வியட்நாமுக்குப் புறப்படுவதற்கு முதல்நாள், நண்பர்களிடம் விடைபெறுவதற்காகக் கிளிநொச்சிச் சந்தைக்கு அருகே ஒரு நண்பன் நடத்தும் தையல்கடைக்குப் போயிருந்தேன். அங்கே தைத்துக்கொண்டிருந்த பெண்ணை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன். என் வயதுதான் இருக்கும். கழுத்தில் அளவுநாடா தொங்கியது. அவருக்குக் காது கேட்காது என்று நண்பன் சொன்னான். யார் பேசினாலும் அவருடைய கண்கள் அவர்களின் வாயை விட்டு விலகவில்லை.

"எங்களுக்கும் ஒருக்காப் படிப்பிச்சுக் காட்டடா," என்று நண்பர்கள் பகிடி பண்ணினார்கள். மிருக வைத்தியருக்கு ஒன்று (vet), ஈரத்துக்கு ஒன்று (wet) என இரண்டு ஆங்கிலச் சொற்களைத் தாளில் எழுதி, எல்லோருக்கும் தூக்கிக் காட்டி, உரத்து வாசித்தேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

அந்தப் பெண் மெசினை நிறுத்தினார்.

"எழுத்து வேற வேற. நீங்கள் ரெண்டையும் ஒரே மாதிரித்தானே சொல்லுறீங்கள்?" தன் கீழுதட்டை விரலால் தொட்டுக் காட்டினார். "ரீவியில இங்கிலிஸ் செய்தி வாசிக்கிறவாக்கு இடைக்கிடை மேல்பல்லு இந்தச் சொண்டில முட்டும். உங்களுக்கு முட்டவேயில்லை."

அவர் சொன்னது சரி. பட்டம் வாங்கும்வரை எனக்கு எவரும் இதைச் சொன்னதில்லை.

"உங்களுக்கு இங்கிலிஸ் தெரியுமோ?"

"இல்லை. வாய்தான் தெரியும். திருப்பிச் சொல்லுங்கோ."

ஏழெட்டுத் தரம் சொல்லவைத்தார். நண்பர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. கடைசியில், "ஓம், இப்ப ரெண்டும் வேற," என்று சொல்லிவிட்டுத் தைக்கத் தொடங்கினார்.

தன் காதில் விழாத ஒரு மொழியில் என் பிழையைக் கண்டுபிடித்தவரை நினைத்தால் இன்றும் மலைப்பாக இருக்கிறது. அந்தச் சொற்களுக்கு என்ன கருத்து என்றுகூட அவர் கேட்கவில்லை.