பத்து வெடியும் ஒரு போத்தல் நல்லெண்ணெயும்

நான் படித்தது ஆறாம் வகுப்பு வரைதான். ஆனால் எண்பத்திமூன்றில் ரொறன்ரோவுக்கு வந்து, ஸ்காபரோவில் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்த முதல் மாதமே, டிப்ளோமாக்காரர் மூன்று பேர் முடியாது என்று தள்ளிவிட்ட வேலையை ஒரு மத்தியானத்தில் முடித்துக் கொடுத்தவன். அன்றிலிருந்து முதலாளிக்கு என்மேல் தனிப் பிடிப்பு. அவரும் பின்லாந்திலிருந்து வெறுங்கையோடு வந்து முன்னேறிய மனிதர்; வேட்டைப் பிரியர். தனக்கென்று ஒரு துவக்கைத் தானே கடைந்து செய்து வைத்திருந்தார். அதற்குப் பொருந்தும் தோட்டா எந்தக் கடையிலும் கிடையாது. கடையில் விற்கும் வேறொரு தோட்டாவின் பித்தளைக் கோதை, வெறும் உறையை, எடுத்து, அச்சுக்குள் அழுத்திக் கழுத்தை ஒடுக்கி, அடியில் நெருப்புப் பொறி தரும் கேப்பைப் பொருத்தி, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, மேலே, பாய்ந்து போகும் சன்னத்தை இறுக்க வேண்டும். ஒவ்வொன்றும் கைவேலை.

எண்பத்தாறு மாரியில் அவர் மாரடைப்பில் போய்விட்டார். துவக்கு எனக்குத்தான் என்று மனைவியிடம் சொல்லிவிட்டே போயிருந்தார். பட்டறையில் எத்தனை பேர் இருந்தார்கள்! அவருக்கு ஆளைத் தெரியும்.

அந்த அம்மா லேசுப்பட்டவர் அல்ல. புருஷனின் தோட்டாக் கணக்கையெல்லாம் கொப்பியில் எழுதி வைத்தவர் அவர்தான். அவர் பேசியது ஆங்கிலம். எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன்.

"பத்துத் தோட்டா நீயே செய். மான் வேட்டை தொடங்கமுன் என் கண்ணுக்கு முன்னால் சுடு. பத்தும் ஒழுங்காகப் போனால் துவக்கு உனக்கு. இல்லாவிட்டால் என் அண்ணன் மகனுக்கு. பிழையாகச் செய்த தோட்டா மானிடம் போகாது, உன் முகத்துக்கு வரும். உன் பெண்சாதிக்கு என்னால் பதில் சொல்ல ஏலாது."

வீட்டில் அந்தப் பெண்சாதி வேறு மாதிரிக் கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, துவக்குச் சத்தத்துக்குப் பயந்தெல்லோ ஓடி வந்தனாங்கள்? இஞ்சை வந்து நீங்களே ஒண்டு வாங்கப் போறியளோ?"

"இது மான் சுடுறதப்பா."

"மானுக்கும் குஞ்சு குருமன் இருக்கும்."

எங்களோடு இருந்த அவளுடைய தமையன், என் மச்சான், ஒரு ரெஸ்ரோறன்ரில் சமையல், சோபாவில் கிடந்தபடியே சொன்னான்: "விடு பிள்ளை. மச்சான் சுட்டு மான் சாகாது. பாத்துச் சிரிச்சுச் செத்தாத்தான் உண்டு."

பொலிஸில் அனுமதிப் பத்திரம் எடுத்தேன். அஜின்கோர்ட்டில் எங்கள் வாடகை வீட்டு பேஸ்மென்றில் மேசையைப் போட்டேன். முதலாளியின் அம்மணி கொப்பியைத் தந்து சொன்ன விதிகளில் ஒன்றையும் மீறவில்லை. மருந்து மாறிப் போகாமலிருக்க மேசையில் ஒரே ஒரு மருந்து ரின். கொப்பியில் உள்ளது பழைய ரின்னின் கணக்கு என்பதால் புது ரின்னுக்கு அதைவிடக் குறைவாகத் தொடங்க வேண்டும். மூடமுன் ஒவ்வொரு கோதுக்குள்ளும் ரோச் லைற் அடித்து மருந்தின் மட்டம் பார்க்க வேண்டும். ஹீட்டர் காற்றுக்குத் தராசு முள் ஆடியது, ஹீட்டரை நிற்பாட்டினேன். சிறிது நேரத்தில் மச்சான் குளிர்க் கோட்டும் தொப்பியுமாகப் படியில் வந்து நின்றான்.

"மான் கிடக்கட்டும். முதல்ல நாங்கள் சாகப்போறம்."

பிழை நடந்தது இதற்கெல்லாம் முன்னே, கோதை ஒடுக்கும்போது. அச்சுக்குள் கோது இறுகாமலிருக்க ஒரு மெழுகு பூசுவார்கள். முதலாளியின் டப்பாவில் மெழுகு காய்ந்து போயிருந்தது. நான் யோசிக்கவே இல்லை. ஊரில் தண்ணீர் இறைக்கும் மெசினுக்கும், தையல் மெசினுக்கும், சனிக்கிழமை தலைக்கும் நல்லெண்ணெய்தானே. குசினியிலிருந்து போத்தலை எடுத்து வந்து கோதின் வெளியிலும், பஞ்சால் கழுத்தின் உள்ளேயும் தடவினேன். என்னமாய் வழுக்கிக்கொண்டு போனது! பிறகு வெளிப்பக்கத்தைப் பளபளவென்று துடைத்தேன். உள்ளே கிடந்ததை நினைக்கவில்லை. எண்ணெய்க் கையோடுதான் கேப்புகளையும் பொருத்தினேன். செய்த பத்தும் இரண்டு கிழமை பெட்டியில் இருந்தன.

றிச்மண்ட் ஹில்லுக்கு வடக்கே ஒரு சூட்டுப் பயிற்சித் திடல். அம்மா மடிப்புக் கதிரையில் காதுமூடியோடு உட்கார்ந்திருந்தார். பின்னால் மச்சான். முதல் இரண்டும் இடி மாதிரிப் போயின. நான் திரும்பிப் பார்த்து மீசையைத் தடவினேன்.

மூன்றாவது, தீபாவளிக்கு நனைந்த சீனவெடி போல, புஸ் என்றது. தோளில் உதைப்பே இல்லை.

"என்ன மச்சான், துவக்குக்கும் மூக்கடைச்சுத் தடிமனோ? அடுத்ததைப் போட்டு அடியும்!" என்று மச்சான் எழும்பி வந்தான்.

"நில்லடா அங்கை! கிட்ட வராதை!"

குழல் மண்மேட்டைப் பார்த்தபடியே இருக்க, ஒரு நிமிஷத்துக்கு மேலாக ஆடாமல் அசையாமல் கிடந்தேன். பொறி பிந்திப் பிடித்தாலும் பிடிக்கும். அம்மா கைமணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திறந்து, கோதை எடுத்து, குழலின் பின்வாயை அடைக்கும் பூட்டையும் கழற்றிவிட்டுப் பின்பக்கத்தால் குழலுக்குள் பார்த்தேன். மறுபக்க வெளிச்சம் தெரியவில்லை. சன்னம் குழலுக்குள் நடுவழியில் நின்றது. அடுத்ததை அடித்திருந்தால் குழல் வெடித்திருக்கும். இதை எழுதுவதற்கு ஆள் இருந்திருக்கமாட்டேன்.

"இன்று இவ்வளவுதான். மிச்சம் ஏழையும் உடைத்துப் பார்க்கப் போகிறேன்" என்றேன். எனக்கு அழுகை வராத குறை. அண்ணன் மகன் துவக்கைத் தூக்கிக்கொண்டு போவது கண்ணுக்குத் தெரிந்தது. அம்மா கதிரையை மடித்துக்கொண்டு, "உடைத்துப் பார்த்துவிட்டு வந்து காரணத்தைச் சொல்" என்று மட்டும் சொன்னார்.

பட்டறையில் பித்தளைக் கம்பி ஒன்று கடைந்து, சன்னத்தைக் குழலில் ஒரு கீறல் விழாமல் தட்டி எடுத்தேன். அந்த வேலைக்கு வேறு ஆள் இல்லை. வீட்டில் ஏழு தோட்டாவையும் மெல்லப் பிரித்தேன். மருந்து தூளாக விழாமல் கட்டியாக விழுந்தது. தேத்தண்ணி கொண்டு வந்த மனைவி குனிந்து மணந்து பார்த்தாள்.

"இது என்ரை நல்லெண்ணெயெல்லோ?"

நான் தராசைத் துடைக்கத் தொடங்கினேன்.

"தோசைக்கு ஊத்த ஒரு சொட்டு இல்லாமல் நான் போத்தலைக் கவிட்டுக் கவிட்டுப் பாத்தன். நீங்கள் துவக்குக்கு முழுக்கு வாத்திருக்கிறியள்!"

மச்சான் சிரித்த சிரிப்பு மேல்வீட்டுக்காரருக்கும் கேட்டிருக்கும்.

அம்மாவிடம் போய் உள்ளதைச் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் பிழை என்று ஒருவரிடம் போய்ச் சொன்ன நாட்களை ஒரு கைவிரலில் எண்ணலாம். அவர் சிரிக்கவில்லை.

"என் புருஷன் என்றால் அடுத்ததையும் அடித்திருப்பார். இடக்காது செவிடாய்ப் போனது அப்படித்தான்" என்றார். பிறகு அலுமாரியிலிருந்து புது மெழுகு டப்பா ஒன்றை எடுத்து நீட்டினார். "இன்னும் ஒரு சனிக்கிழமை தருகிறேன்."

இந்த முறை மெழுகு. ஒடுக்கிய கோதுகளைச் சவர்க்காரச் சுடுதண்ணீரில் உள்ளும் புறமும் கழுவி, இரண்டு நாள் காயவிட்டு, கையையும் கழுவித் துடைத்த பிறகே புதுக் கேப்பைத் தொட்டேன். சனிக்கிழமை பத்தும் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. அம்மா எட்டி நடந்து போய் குறி அட்டையைக் கழற்றிக்கொண்டு வந்து, துவக்குப் பெட்டியின் சாவியோடு சேர்த்து என் கையில் வைத்தார்.

"நடுவில் விழுந்த எட்டு ஓட்டையும் நன்றாக இருக்கிறது. மற்ற இரண்டும் உன் வாயைப் போலக் கொஞ்சம் அகலம்."

அந்த இரண்டும் காற்று இழுத்தவை. அன்று அங்கே நல்ல காற்று.